மதகடிப் பாதையில் நெல்

பொத்துவில்
2025 பெப்ரவரி 6

மதினி,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. ஆகவே இந்த ஒரு வரிக்காவது நீங்கள் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

என் நம்பரை நீங்கள் புளொக் பண்ணிவிட்டீர்கள். என் கூடப்பிறந்த றினாஸ் காக்காவுக்கு எடுத்தால் "வயல்ல நிக்கன், பொறகு கதைப்பம்" என்று வைத்துவிடுகிறார். அந்தப் பிறகு வருவதேயில்லை. அதனால்தான் கடிதம். பரீட்சைக்கு 'நண்பிக்குக் கடிதம் எழுதுக' எழுதியதற்குப் பிறகு நான் கையால் எழுதும் முதல் கடிதம் இது. கல்முனை பஸ் கண்டக்டர் கச்சிமுகம்மது காக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். "காதல் கடிதமா புள்ள?" என்று கேட்டார். மதினிக்கு என்றேன். "அப்ப சண்டதான்" என்றார்.

நெல் நனைந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன், மதினி. நடந்ததை என் வாயால் நீங்கள் இன்னும் கேட்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். சைக்கிள் பாதையின் மேற்பரப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதுவதுதான் என் வேலை. போனை ஹேண்டிலில் கட்டிக்கொண்டு ஆறுதலாக ஓடுவேன். சில்லு எங்கே குலுங்குகிறது என்று போன் பதிந்துகொள்ளும். வெடிப்பு, பள்ளம், கடற்கரை மணல் ஏறிய இடம் எல்லாவற்றையும் படமெடுத்து, நல்லது, சுமார், ஆபத்து என்று குறிப்பேன். உங்கள் வீட்டுக்கு முன்னால் உள்ள மதகின் மேல் போன் ஒரு குறையும் சொல்லவில்லை. பாய் விரித்தது போல இருந்தது. ஆனால் இறங்கி இரும்புக் கம்பியால் தட்டினால் ஓரிடத்தில் 'டொக்' என்றும் இன்னோர் இடத்தில் 'தொம்' என்றும் கேட்டது. வெறும் பீப்பாயைத் தட்டினால் கேட்குமே, அந்தச் சத்தம். மாரி மழையில் தாருக்குக் கீழே இருந்த மண் கரைந்து மதகோடு போயிருக்கிறது என்று நினைத்தேன். அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பில் கட்டம் கீறி நாடா கட்டச் சொன்னேன்.

நீங்கள் காயப்போட்டிருந்த நெல் அந்த இடத்தில்தான் கிடந்தது. அள்ளி, படங்கு போட்டு மூடுங்கள் என்றுதான் வேலையாட்களிடம் சொன்னேன். அவர்கள் அள்ளினார்கள், மூடவில்லை. அன்று பின்னேரமே மழை கொட்டியது. உங்கள் நெல் என்பதற்காக நான் எதையும் செய்யவில்லை, மதினி.

பிறகு பலரும் முறைப்பாடு செய்ததில் இன்ஜினியர் ஸ்ரான்லி சேர் வந்து பார்த்தார். வெடிப்பு இல்லை, போனும் நல்லது என்கிறது. "சத்தத்த ரிப்போட்ல போட ஏலா, ஸுஹைறா" என்றார். கெட்ட மனிதரல்ல. நிலத்துக்குக் கீழே பார்க்கிற மெசினைக் கொழும்பிலிருந்து கேட்டிருக்கிறார். அது வரும் வரை நாடாவை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, என்னை இங்கே உல்லாசப் பயணிகளின் பாதையை அளக்க அனுப்பிவிட்டார்கள். அந்த மதகடியில் நான் இனி யாரையாவது மறித்தால் வேலை போய்விடும்.

நெல்லுக்கு எவ்வளவும் ஏசுங்கள். ஆனால் உங்கள் மகள் பஸ்மினா அந்த மதகின் மேலால்தான் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், பின் கரியரில் கூட்டாளியையும் ஏற்றிக்கொண்டு. மெசின் வரும் வரை வீதியின் மறுபக்கத்தால் அவளை உருட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

ஸுஹைறா


கல்முனை
2025 பெப்ரவரி 9

ஸுஹைறா,

வஅலைக்கும் ஸலாம். கடமை முடிந்தது. இனி எழுதுவதெல்லாம் என் கோபத்துக்காக.

அது விற்கிற நெல் அல்ல. என் வாப்பாவின் வயலில் வெட்டியது. வருஷம் முழுவதும் இந்த வீட்டுச் சோற்றுக்கு ஒதுக்கி வைத்த நெல். இன்று மூடையைத் திறந்தால் முளைவிட்டு, மக்கின மணம் மூக்கில் அடிக்கிறது. கோழிக்குப் போட்டேன். கோழியும் கிளறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. இந்த வீதி நீளத்துக்கு எல்லார் வீட்டு நெல்லும் கிடந்தது. அள்ளியது எங்களுடையதை மட்டும்தான். பக்கத்து வீட்டு ஆயிஷா உம்மா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஒண்ட புரிசண்ட தங்கச்சிதானேகா அள்ளச் சொன்ன?" என்று கேட்டார். உன் காக்கா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வயலுக்குப் போனார். அவர் ஏசியிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும்.

பாதையில் என்ன குறை? எங்கள் குசினித் தரையைவிட மட்டமாக இருக்கிறது. ஸ்ரான்லி சேர் சப்பாத்தால் மிதித்துப் பார்த்தார், குதித்தும் பார்த்தார். அந்த உடம்பு குதித்தே உடையாத பாதை பஸ்மினாவின் சைக்கிளுக்கா உடையப்போகிறது?

மறுபக்கத்தால் போகச் சொல்கிறாய். மறுபக்கம் மணல் லொறி பறக்கிறதே, அதை உன் போன் அளக்காதா? அவளிடம் சொன்னேன். "மாமிக்கு எல்லாத்துக்கும் பயம், கூட்டாளிமார் சிரிப்பாங்க உம்மா" என்கிறாள். பதினைந்து வயதுப் பிள்ளை. இழுத்துக் கட்டவா முடியும்?

வெள்ளிக்கிழமை நீ வாசல் படலை வரை வந்து நின்றதை ஜன்னலால் கண்டேன். ஏன் தட்டாமல் திரும்பினாய்? தட்டியிருந்தால் திறந்திருப்பேனா என்று எனக்கும் தெரியாது. ஆனாலும் தட்டாமல் போனது இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

நதீரா


பொத்துவில்
2025 பெப்ரவரி 10

மதினி,

தட்டத்தான் வந்தேன். கையையும் உயர்த்திவிட்டேன். உள்ளே நீங்கள் யாரையோ ஏசும் சத்தம் கேட்டது. என்னைத்தான் என்று நினைத்து அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

லொறி விஷயத்தில் நீங்கள் சொன்னது மெய். நான் அதை யோசிக்கவில்லை. சைக்கிள் பாதையைப் பார்த்துப் பார்த்து, அதற்கு வெளியே ஒரு வீதி கிடப்பதையே மறந்துவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்கிறேன், சிரிக்கவேண்டாம். சத்தம் கேட்ட என் காதிலேயே எனக்கு இப்போது சந்தேகம். மதகென்றால் கீழே வெறுமைதானே, அப்படித்தான் கேட்குமோ? இங்கே கண்ட மதகையெல்லாம் இறங்கித் தட்டுகிறேன். சில 'தொம்' என்கின்றன, சில இல்லை. நேற்று ஒரு வெள்ளைக்காரப் பெண் சைக்கிளை நிறுத்தி, நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்துக் கூடவே குனிந்து தேடினாள். எதைத் தேடுகிறேன் என்று அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

நான் சொன்னது சரியாக இருந்தால் ஆபத்து பஸ்மினாவுக்கு. பிழையாக இருந்தால் வேலை போவது எனக்கு. பிழையாக இருக்கட்டும் என்றுதான் ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். வானத்தில் ஒரு துண்டு மேகம் கண்டாலே கல்முனைப் பக்கம்தான் போகிறதோ என்று பார்க்கிறேன். மழை பெய்தால் வயல் தண்ணீர் முழுக்க அந்த மதகால்தான் கடலுக்கு ஓடும், மிச்ச மண்ணையும் இழுத்துக்கொண்டு.

இரண்டு உதவி செய்யுங்கள். ஒன்று, ஆளில்லாத நேரத்தில் உலக்கையை எடுத்து என் சிவப்புக் கட்டத்துக்குள் மெதுவாக ஒரு குத்து, அதற்கு வெளியே ஒரு குத்து. உங்கள் காது என்ன சொல்கிறது என்று எழுதுங்கள். மற்றது, பஸ்மினா மறுபக்கம் போகவேண்டாம். பாதையாலேயே போகட்டும். ஆனால் கட்டத்தை விட்டு விலகி, உங்கள் படலைப் பக்கமாக, மதிலை ஒட்டிப் போகட்டும். அந்தப் பக்கத்தை நான் தட்டிப் பார்த்திருக்கிறேன். அது கெட்டி.

காக்காவிடமும் உழவு மெசினை இழுவைப் பெட்டியோடு கட்டத்தில் நிறுத்தவேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஸுஹைறா


கல்முனை
2025 பெப்ரவரி 13

ஸுஹைறா,

எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். உன் உலக்கைக் கதை என்னை விடவில்லை.

ஆண்கள் அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போன நேரம் பார்த்து உலக்கையோடு வீதியில் இறங்கினேன். வெளியே குத்தினேன், டொக். உன் கட்டத்துக்குள் குத்தினேன். நீ எழுதிய மாதிரிதான் கேட்டது. இன்னொரு தரம் குத்தினேன். நிமிர்ந்தால் ஆயிஷா உம்மா நிற்கிறார். "என்ன கா, றோட்டையும் மா இடிக்கப் போறாயா?" என்றார். இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஊரெல்லாம் அந்தக் கதைதான்.

உன் காக்காவிடம் சொன்னேன். "மதகுக்கு மேல எண்டா அப்பிடித்தான் கேக்கும், நீயும் அவளோட சேந்துட்டியா?" என்றார். அவர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. நீ சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. அன்று கறிக்கு உப்புப் போட மறந்தேன். நான் உன்னை நம்பவில்லை, விளங்கிக்கொள். நம்பாமலே பயப்பட முடியும் என்று இப்போதுதான் தெரிகிறது.

பஸ்மினாவிடம் மதில் பக்கத்தால் போகச் சொல்லிவிட்டேன். தலையாட்டினாள். இனி எழுதாதே. கண்டக்டர் சந்தியில் நின்று "நதீரா, ஒங்கட சண்ட வந்திரிக்கி" என்று எல்லாருக்கும் கேட்கக் கூப்பிடுகிறார்.

நதீரா


பொத்துவில்
2025 பெப்ரவரி 16, ஞாயிறு

மதினி,

எழுதாதே என்றீர்கள், எழுதுகிறேன். கோபியுங்கள்.

இங்கே விடியச் சுபஹுத் தொழுகையிலிருந்து மழை. வந்து போகிற மழையல்ல, இருந்து பெய்கிற மழை. பஸ்காரர்கள் அக்கரைப்பற்றிலும் இருட்டிவிட்டது என்கிறார்கள். பின்னேரம் உங்களுக்கும் வரும். ஸ்ரான்லி சேருக்கு எடுத்துக் கெஞ்சினேன். "எனக்கும் பயமாத்தான் இரிக்கி" என்று முதல் முறையாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை பீப்பாய் வைத்து அடைக்கிறாராம். அதற்கிடையில் திங்கட்கிழமை ஒன்று இருக்கிறதே!

நாளைக்கு அவளைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால் மதிலை ஒட்டிப் போகட்டும். உங்கள் கண்ணால் பார்த்து அனுப்புங்கள். அவள் மட்டுமல்ல, அந்த வீதியால் எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள். என்னால் அங்கே வந்து நிற்கவும் முடியாது, இங்கே இருக்கவும் முடியவில்லை.

ஸுஹைறா


கல்முனை
2025 பெப்ரவரி 17, திங்கள்

ஸுஹைறா,

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் போனில் சொல்லத் தொடங்கினால் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். பயப்படாதே. பஸ்மினா பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். சுகமாக இருக்கிறாள்.

நேற்று உன் கடிதம் வந்தபோது தெற்கே வானம் கறுத்து நின்றது. உன் காக்கா வயலில். என்ன செய்வது என்று படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கயிறு கட்டினால் பிள்ளைகள் தூக்கிவிட்டுப் போவார்கள். உன் நாடாவிலேயே பாதியை இரண்டு நாளில் யாரோ ஆடு கட்ட அறுத்துக்கொண்டு போனார்கள். பீப்பாய் வைத்தால் உருட்டி விளையாடுவார்கள். இந்த ஊரில் எதைப் போட்டால் ஒருவரும் மிதிக்கமாட்டார்கள் என்று யோசித்தேன். கண்மண் தெரியாமல் பறக்கிற பொடியன்மார்கூட வீதியில் நெல்லைக் கண்டால் பிரேக் பிடித்து விலகித்தானே போவார்கள்?

அறைக்குள் கிடந்த மக்கின நெல்லை மூடை மூடையாக இழுத்து வந்து பாதையில் கொட்டினேன். உன் கட்டத்தை மூடினால் போதும் என்றுதான் தொடங்கினேன். ஆனால் குவித்துப் போட்டால் காயப்போட்டது என்று யார் நம்புவார்கள்? விரித்தால்தான் நெல்லுக்கு மதிப்பு. விரிக்க விரிக்க எங்கள் படலை வரை, மதில் வரை வந்துவிட்டது. பிள்ளைக்கு நீ சொன்ன வழியும் அடைபட்டுப் போனது எனக்குத் தெரியும். அள்ளிக் குறைக்கக் கையில் பலமில்லை, விட்டுவிட்டேன். ஆயிஷா உம்மா வந்து, "மழ இருட்டிட்டு வருது, மக்கின நெல்லக் காயப்போடுறாய், ஒனக்குப் புத்தி பேதலிச்சிட்டா கா?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

உன் காக்கா வந்து பார்த்தார். "இதென்ன வேல?" என்று கத்தினார். என் முகத்தில் என்னத்தைக் கண்டாரோ, உள்ளே போய்ப் படங்கை எடுத்து வந்து நெல்லை மூடி, நாலு பக்கமும் கல் வைத்தார். பிறகு மழை. அப்படி ஒரு மழை.

காலையில் மழை விட்டிருந்தது. பஸ்மினா சைக்கிளை வெளியே எடுத்து, "எப்பிடி உம்மா போற?" என்று கால் உதைத்தாள். அவளையும் அவளுடைய கூட்டாளியையும் நானே கூட்டிக்கொண்டு மறுபக்கம் போனேன். வந்த லொறியைக் கையை நீட்டி மறித்தேன். றைவர் ஏசினார், ஏசட்டும். பின்னால் வந்த பிள்ளைகளும் படங்கைக் கண்டு இறங்கி, எங்களோடேயே உருட்டிக்கொண்டு வந்தார்கள். மிதிக்கவில்லை, ஒரு பிள்ளையும் மிதிக்கவில்லை.

திரும்பி வந்து பார்த்தால் படங்கு ஓரிடத்தில் தொட்டில் போலத் தாழ்ந்து கிடந்தது. ஓரத்தைத் தூக்கினேன். நெல் கீழே ஓடிக்கொண்டிருந்தது, ஸுஹைறா. ஆலையில் கொட்டினால் இறங்குமே, அந்த மாதிரி. அடியில் தண்ணீர் இரைகிற சத்தம். நான் பின்னுக்கு விலகியதும் தார் ஒரு பலகையாக உடைந்து உள்ளே விழுந்தது. ஒரு சைக்கிள் ஆளோடு மறையும் குழி.

இனி எழுதுவதை ஓரிடத்தில் இருந்து வாசி. உன் சிவப்புக் கட்டத்தில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. அது அப்படியே கிடக்கிறது. குழி விழுந்தது எங்கள் படலைப் பக்கம், மதிலை ஒட்டி. பஸ்மினாவை நீயும் நானும் போகச் சொன்ன பக்கம். பள்ளிக்கூடத்துக்கே ஓடிப்போய் அவளைக் கேட்டேன், வெள்ளிக்கிழமை அதால்தான் போனாளாம். "மாமி சொன்ன பக்கத்தாலதானே போன நான்" என்று சொன்னபோது அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை.

உன் பயம் சரி, புள்ள. நீ காட்டிய பக்கம் பிழை.

ஸ்ரான்லி சேர் வந்து இரண்டு முனையையும் அடைத்துவிட்டார். உன்னைக் கூப்பிடப் போகிறார் என்று நினைக்கிறேன். நெல்லுக்காக உன்மேல் உள்ள கோபம் எனக்கு இன்னும் போகவில்லை, பொய் சொல்லமாட்டேன். வந்தால் கதவைத் தட்டு. உள்ளே ஏசுகிற சத்தம் கேட்டாலும் தட்டு.

நதீரா


பொத்துவில்
2025 பெப்ரவரி 17, பின்னேரம்

மதினி,

பஸ் தரிப்பிலேயே நின்று வாசித்தேன். கச்சிமுகம்மது காக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பகிடியும் விடவில்லை. தண்ணீர் போத்தலைத் திறந்து நீட்டினார். உங்களுக்கு எடுத்தேன், மணியும் அடித்தது. நீங்கள் எடுப்பதற்கு முன் நானே வைத்துவிட்டேன். என்ன சொல்லி அழுவது?

'அது கெட்டி' என்று எழுதியது என் கை. நான் தட்டிப் பார்த்த அன்று அது மெய்யாகவே கெட்டியாக இருந்து, பிறகு மண் நகர்ந்ததா? அல்லது கட்டத்துக்குள் ஊன்றித் தட்டிவிட்டு அந்தப் பக்கத்தைச் சும்மா தட்டினேனா? நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. நீங்கள் என் சொல்லை அப்படியே கேட்டு, கட்டத்தை மட்டும் மூடியிருந்தால் என்னவாகியிருக்கும்? பஸ்மினாவிடம் மாமி மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் நான் வந்து சொல்கிறேன்.

ஸ்ரான்லி சேர் எடுத்தார், உடனே கல்முனைக்கு வரச் சொன்னார். இன்றைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை இங்கேயும் இரண்டு மதகில் 'தொம்' என்று கேட்டது. பாதி அகலத்தைக் கயிறு கட்டி மறித்து, மற்றப் பாதியைக் காட்டி 'இந்தப் பக்கத்தால் போகவும்' என்று என் கையாலேயே பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். நேற்று முழுக்க மழை. இன்று பள்ளி விட்ட பிள்ளைகள் அந்த எழுத்தை நம்பி அந்தப் பக்கத்தால்தான் போயிருப்பார்கள்.

இதை பஸ்ஸில் ஏற்றிவிட்டு அங்கேதான் ஓடுகிறேன். ஒரு மதகில் நான் நிற்பேன், மற்றதில் கச்சிமுகம்மது காக்காவின் மருமகனை நிறுத்தித் தருவதாகச் சொன்னார். ஆனால் எவ்வளவு நேரம் நிற்பது? பீப்பாய் நாளைப் பகலில்தான் வருமாம். காலையில் பள்ளி தொடங்கிவிடும்.

மதினி, அந்த மக்கின நெல் இன்னும் மிச்சமிருந்தால் இரண்டு மூடை கட்டி, விடியற்காலை பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். பொத்துவிலிலும் நெல்லை யாரும் மிதிக்கமாட்டார்கள்.

ஸுஹைறா